பால் நல்லதா, கெட்டதா? முதலில் வயதைச் சொல்லுங்கள்

"பால் குடிச்சாதான் எலும்பு பலமாகும்" என்கிறார் பாட்டி. "பெரியவங்களுக்குப் பாலே தேவையில்லை" என்கிறது டிக்டாக் காணொளி. "ஓட்ஸ் பாலுக்கு மாறிடு, அதான் நல்லது" என்கிறார் கூட வேலை பார்க்கும் நண்பர்.

இதில் யார் சொல்வது சரி?

மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், எல்லாரும் 'பால்' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் 6 மாதக் குழந்தைக்கும் 16 வயது மாணவருக்கும் 76 வயது பாட்டிக்கும் பால் செய்யும் வேலை ஒன்றல்ல. ஒரே பால் ஒரு வயதில் ஆபத்து. இன்னொரு வயதில் வசதி. வேறொரு வயதில் இடுப்பு எலும்பைக் காப்பாற்றும் துணை.

ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்போம்.

பாலில் அப்படி என்னதான் இருக்கு?

ஒரு கிளாஸ் பசும்பால், அதாவது 250 மில்லிலிட்டர், ஏறக்குறைய 8 கிராம் புரதமும் 300 மில்லிகிராம் கால்சியமும் தரும். கூடவே பி12 வைட்டமின், பாஸ்பரஸ், ரிபோஃப்ளேவின் எனப்படும் பி2 வைட்டமின் ஆகியவையும் கிடைக்கும்.

நம் உடலில் இருக்கும் கால்சியத்தில் சுமார் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. மீதி ஒரு விழுக்காடு இரத்தத்திலும் தசையிலும் நரம்பிலும் வேலை செய்கிறது. இதயம் துடிக்கவே அது வேண்டும். அதனால் உணவில் கால்சியம் குறைந்தால் உடல் காத்திருக்காது. எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். எலும்பை ஒரு சேமிப்புக் கணக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

பாலில் இல்லாததையும் சொல்லிவிட வேண்டும். இரும்புச்சத்து மிகக் குறைவு. நார்ச்சத்து அறவே கிடையாது. முதல் குறைதான் கைக்குழந்தைகளுக்குப் பெரிய பிரச்சினை.

முதல் ஆண்டு: பசும்பால் ஏன் கூடாது?

பிறந்ததிலிருந்து முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதன் பிறகு திட உணவைத் தொடங்கி, தாய்ப்பாலை 2 வயது வரையிலோ அதற்கு மேலுமோ தொடரலாம். தாய்ப்பால் கொடுக்க முடியாத சூழலில் குழந்தைகளுக்கென்றே தயாரிக்கப்பட்ட பால்மாவு உண்டு.

ஒரு வயது ஆகும் முன்பு பசும்பாலை முக்கிய பானமாகக் கொடுக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. காரணங்கள் மூன்று. ஒன்று, அதில் இரும்புச்சத்து போதாது. இரண்டு, சில குழந்தைகளின் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தக் கசிவை அது உண்டாக்கும். மூன்று, பசும்பாலில் உள்ள அதிகப் புரதமும் தாதுக்களும் பிஞ்சுச் சிறுநீரகத்துக்குச் சுமை. "தண்ணி கலந்து கொடுத்தா சரியாயிடும்" என்று சில வீடுகளில் சொல்வதுண்டு. சரியாகாது. சுமை குறையலாம், ஆனால் சத்தும் சேர்ந்து குறைந்துவிடும். ஆட்டுப்பாலும் இந்த வயதுக்குப் பொருந்தாது.

இந்தப் பாடத்தைச் சிங்கப்பூர் ஒருமுறை மிகக் கடினமாகக் கற்றது.

1930களில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ். தாய்ப்பாலுக்குப் பதில் இனிப்புக் கட்டிப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகள் நோயுற்று இறப்பதை அவர் தொடர்ந்து பார்த்தார். நாம் 'டின் பால்' என்று சொல்கிறோமே, அதேதான். அதில் சர்க்கரை ஏராளம். குழந்தைக்குத் தேவையான வைட்டமின்கள் போதாது. சுத்தமில்லாத தண்ணீரில் கலக்கும்போது வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும். ஆனால் குழந்தைகளுக்கு ஏற்ற உணவு என்றே அது விளம்பரம் செய்யப்பட்டது.

1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு 'பாலும் கொலையும்'. பொருத்தமற்ற பாலைக் கொடுக்கும்படி தாய்மார்களைத் தூண்டுவது கொலைக்குச் சமம் என்பதே அதன் சாரம். ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் சாங்கி சிறையில் அடைக்கப்பட்ட அவர், போருக்குப் பிறகு உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பொருள்களின் விளம்பரத்துக்கு அனைத்துலக நெறிமுறை வந்தது 1981இல்தான். அவர் பேசி 42 ஆண்டுகள் கழித்து.

ஒரு வயதுக்குப் பிறகு: விலை உயர்ந்த டின் கட்டாயமா?

ஒரு வயதானதும் பசும்பால் கொடுக்கலாம். 2 வயது வரை முழுக்கொழுப்புப் பால்தான் நல்லது. வேகமாக வளரும் மூளைக்கும் உடலுக்கும் அந்தக் கொழுப்பு தேவை. 2 வயதுக்குப் பிறகு, நன்றாகச் சாப்பிட்டு ஒழுங்காக வளரும் குழந்தை குறைந்த கொழுப்புப் பாலுக்கு மாறலாம்.

"எங்க பிள்ளைக்குச் சோறே இறங்காது, பால் மட்டும்தான்" என்பது பல பெற்றோர் சொல்லும் குறை. இங்கே காரணமும் விளைவும் இடம் மாறிவிடுவதுண்டு. பாலிலேயே வயிறு நிறைந்துவிடுவதால்தான் சோறு இறங்குவதில்லை. நாளுக்குச் சுமார் அரை லிட்டருக்கு மேல் போனால் இரும்புச்சத்துக் குறைபாடும் சோகையும் வரும் வாய்ப்பு கூடும்.

அடுத்த கேள்வி, பால்மாவு. 900 கிராம் பால்மாவு டின்னின் சராசரி விலை 10 ஆண்டில் 120 விழுக்காடு உயர்ந்து சுமார் 56 வெள்ளியைத் தொட்டுவிட்டதாகச் சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை ஆணையம் 2017இல் தெரிவித்தது. உற்பத்தியாளர்கள் விளம்பரத்துக்கும் சந்தைப்படுத்தலுக்கும் செலவிட்ட பெரும்பணம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஒரு வயதைத் தாண்டிய ஆரோக்கியமான குழந்தைக்கு 'வளரும் பருவப் பால்மாவு' கட்டாயம் இல்லை. சாதாரணப் பாலும் வீட்டுச் சாப்பாடும் போதும்.

10 முதல் 25 வரை: போட்டு வைக்கும் காலம்

இந்தக் கட்டுரையைப் படிக்கும் பலர் இந்த வயதில்தான் இருப்பீர்கள். பாலைப் பெரும்பாலோர் கைவிடுவதும் இந்த வயதில்தான்.

எலும்பில் சேரக்கூடிய தாதுக்களில் ஏறக்குறைய 90 விழுக்காடு பதின்ம வயது முடிவதற்குள் சேர்ந்துவிடும். 20களின் பிற்பகுதியில் எலும்பு தன் உச்ச வலிமையை எட்டும். அதன் பிறகு, இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வேலை.

அதனால்தான் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் பரிந்துரை இப்படி இருக்கிறது: 10 முதல் 18 வயது வரை நாளுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம். 19 முதல் 50 வயது வரை 800. 51 வயதிலிருந்து மீண்டும் 1,000. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 1,000.

ஒரு கிளாஸ் பால் 300. ஒரு கிண்ணம் தயிர் 200க்கு மேல். பதின்ம வயதினரின் தேவையில் பாதி அங்கேயே வந்துவிடுகிறது. மீதியை மீன், தௌகுவா, கீரை, பருப்பு ஆகியவை பார்த்துக்கொள்ளும்.

கால்சியம் மட்டும் போதாது என்பதையும் மறக்க வேண்டாம். அதை உடல் உள்வாங்க டி வைட்டமின் வேண்டும். எலும்பு அதைப் பிடித்துவைக்க உடற்பயிற்சி வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்தபடி இரண்டு கிளாஸ் பால் குடிப்பதைவிட, ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் பூப்பந்து ஆடப் போவது எலும்புக்கு நல்லது.

"எனக்குப் பால் ஒத்துக்காது"

பாலில் இருக்கும் இயற்கைச் சர்க்கரையின் பெயர் லாக்டோஸ். அதைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். கைக்குழந்தைகளிடம் அது நிறைய இருக்கும். வளர வளர, உலக மக்களில் ஏறக்குறைய மூன்றில் இருவருக்கு அது குறைந்துவிடும். ஆக, குறைவதுதான் மனித இயல்பு. பெரியவரான பிறகும் அது சுரப்பது, மாடு வளர்த்துப் பால் குடித்த சில சமூகங்களில் கடந்த 10,000 ஆண்டுகளுக்குள் பரவிய மரபணு மாற்றம்.

"நாம காலங்காலமா பால் குடிக்கிறவங்க ஆச்சே" என்று கேட்கலாம். உண்மைதான். சிங்கப்பூரில் தேக்கா வட்டாரம் ஒருகாலத்தில் மாட்டுத் தொழுவங்களுக்கும் பால்காரர்களுக்கும் பெயர் போனது. கேகே மருத்துவமனையின் பெயரில் உள்ள 'கண்டாங் கெர்பாவ்' என்ற மலாய்ச் சொற்களுக்கே எருமைத் தொழுவம் என்றுதான் பொருள். ஆனால் அந்த மரபணு மாற்றம் வடமேற்கு இந்தியாவில் அதிகம். தெற்கே வர வரக் குறைவு. சீனர்களில் பெரும்பாலோரிடம் அது இல்லை. அதனால் பால் குடித்ததும் வயிறு உப்புவதோ கடமுடா என்று சத்தம் போடுவதோ இங்கே மிகச் சாதாரணம். அது நோயல்ல.

அதற்காகப் பால் உணவு முழுவதையும் ஒதுக்க வேண்டுமா? பெரும்பாலோருக்குத் தேவையில்லை.

- நொதி குறைவாக உள்ளவர்களில் பலரால் ஒரு நேரத்தில் ஒரு கிளாஸ் பாலில் உள்ள சுமார் 12 கிராம் லாக்டோஸைப் பெரிய தொந்தரவின்றித் தாங்க முடியும். வெறும் வயிற்றில் குடிக்காமல் சாப்பாட்டோடு சேர்த்தால் இன்னும் எளிது.
- தயிரில் உள்ள நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தாங்களே செரித்துவிடும். குடலுக்குள் போன பிறகும் உதவும். நம் ஊர்த் தயிர்சாதத்தின் பின்னால் நல்ல அறிவியல் இருக்கிறது.
- செடார் போன்ற கெட்டியான சீஸில் லாக்டோஸ் மிகக் குறைவு.
- லாக்டோஸ் நீக்கிய பால் பேரங்காடிகளில் கிடைக்கும். கொஞ்சம் இனிப்பாக இருக்கும். கால்சியம் அதே அளவுதான்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பால் ஒவ்வாமை வேறு. அது பாலின் புரதத்தை உடலின் எதிர்ப்புச் சக்தி தாக்குவதால் வருவது. தோல் தடிப்பது, உதடு வீங்குவது, மூச்சு இரைப்பது ஆகியவை அதன் அறிகுறிகள். அப்படி வந்தால் "கொஞ்சமா குடிச்சுப் பார்ப்போம்" என்று சோதிக்கக் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும்.

"நான்தான் தினமும் தே குடிக்கிறேனே, அது பால் இல்லையா?"

பெரும்பாலும் இல்லை.

காப்பிக்கடையில் 'தே' என்றால் இனிப்புக் கட்டிப்பால். 'தே சி' என்றால் ஆவியாக்கிய பாலும் சர்க்கரையும். 'தே ஓ' என்றால் பாலே கிடையாது. கட்டிப்பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் சுமார் 100 மில்லிகிராம் கால்சியம் வரும். கூடவே 20 கிராமுக்குமேல் சர்க்கரையும் வரும். அதே கால்சியம் மூன்றில் ஒரு கிளாஸ் பாலில் கிடைத்துவிடும்.

இன்னொரு விஷயம். கட்டிப்பால் போலவே இருக்கும் சில டின்களில் 'இனிப்புக் கிரீமர்' என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதில் பால் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய் சேர்க்கப்பட்டிருக்கும். பபுள் டீ கடைகள் சிலவற்றில் கலக்கும் பால் இல்லாத கிரீமர் பொடியும் அப்படித்தான். நிறம் பால், சத்து வேறு.

சிறு புட்டிகளில் வரும் இனிப்பான நொதித்த பால் பானங்களும் வயிற்றுக்கு இதமாக இருக்கலாம். ஆனால் கால்சியத்துக்கு அவற்றை நம்ப முடியாது. நெய்யும் வெண்ணெயும் கொழுப்பு. அவற்றிலும் கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். மோரில் எவ்வளவு தயிர் இருக்கிறதோ அவ்வளவுதான் சத்து.

30 முதல் 50 வரை: முழுக்கொழுப்பா, குறைந்த கொழுப்பா?

சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் பொட்டலமிட்ட பானங்களுக்கும், 2023 டிசம்பர் 30 முதல் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் நியூட்ரி-கிரேட் குறியீடு நடப்பில் இருக்கிறது. ஏ முதல் டி வரை தரம் பிரிக்கப்படுகிறது. அதில் சர்க்கரையோடு நிறைவுற்ற கொழுப்பும் கணக்கில் வரும்.

வெறும் பால் வாங்கப் போனால் முழுக்கொழுப்புப் பாலில் 'சி' என்று இருப்பதைப் பார்த்துச் சிலர் திகைக்கிறார்கள். "இதுல சர்க்கரையே போடலையே!" காரணம் கொழுப்பு. 100 மில்லிலிட்டரில் 1.2 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு இருந்தால் 'சி'. முழுக்கொழுப்புப் பாலில் பொதுவாக 2 கிராமுக்கு மேல் இருக்கும்.

இந்த வயதில் பெரும்பாலோருக்குக் குறைந்த கொழுப்புப் பாலே பொருத்தம். குறிப்பாக, நெய், தேங்காய்ப்பால், பொரித்த பண்டங்கள் எல்லாம் ஏற்கெனவே வீட்டில் இருக்கும்போது. கொழுப்பை எடுத்தாலும் கால்சியமும் புரதமும் குறையாது.

இறைச்சி சாப்பிடாதவர்களுக்குப் பால் உணவு இன்னொரு வகையில் முக்கியம். பி12 வைட்டமின் இயற்கையாகக் காய்கறியிலும் பருப்பிலும் கிடைப்பதில்லை. பெரியவருக்கு நாளுக்கு 2.4 மைக்ரோகிராம் வேண்டும். ஒரு கிளாஸ் பால் சுமார் 1 மைக்ரோகிராம் தரும். பால், தயிர், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டு முழு வீகன் ஆகப் போகிறவர்கள் பி12 மாத்திரை பற்றி மருத்துவரிடம் பேசுவது அவசியம். குறைபாடு மெதுவாக வரும், நரம்பைப் பாதிக்கும்.

50க்கு மேல்: எடுத்துச் செலவழிக்கும் காலம்

மாதவிடாய் நின்றதும் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அதோடு எலும்பு கரையும் வேகம் கூடுகிறது. ஆண்களுக்கும் கரையும், மெதுவாக. வலி எதுவும் இருக்காது. குளியலறையில் ஒருநாள் வழுக்கி விழும்போதுதான் தெரியும்.

இடுப்பு எலும்பு முறிவு சாதாரண விஷயமில்லை. மூத்தோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அதன் பிறகு ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். பிழைத்தவர்களில் பலர் பழையபடி தனியாக நடமாடுவதில்லை.

பால் உணவு இதில் உதவுமா? இதற்கு நல்ல பதில் 2021இல் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் 60 மூத்தோர் பராமரிப்பு இல்லங்களில், 7,000க்கும் மேற்பட்டோரிடம் 2 ஆண்டுகளுக்கு ஓர் ஆய்வு நடந்தது. சராசரி வயது 86. பாதி இல்லங்களின் சாப்பாட்டில் பால், தயிர், சீஸ் கூட்டப்பட்டது. நாளுக்குச் சுமார் 2 பரிமாறலாக இருந்தது 3.5 ஆனது. மீதி இல்லங்களில் வழக்கமான சாப்பாடு.

கூடுதல் பால் உணவு கிடைத்தவர்களுக்கு எலும்பு முறிவுகள் 33 விழுக்காடு குறைந்தன. இடுப்பு எலும்பு முறிவு 46 விழுக்காடு குறைந்தது. கீழே விழுவதே 11 விழுக்காடு குறைந்தது. கால்சியத்தோடு புரதமும் கூடியதால் தசை பலமாக இருந்திருக்கலாம். இறப்பு விகிதத்தில் மட்டும் மாற்றம் தெரியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2014இல் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்றில், நாளுக்கு 3 கிளாஸும் அதற்கு மேலும் பால் குடித்த பெண்களிடம் எலும்பு முறிவும் இறப்பும் அதிகமாக இருந்தன. தயிர், சீஸ் சாப்பிட்டவர்களிடம் அப்படி இல்லை. அது மக்களின் பழக்கத்தைக் கவனித்த ஆய்வு. பால்தான் காரணம் என்று அதனால் உறுதிசெய்ய முடியாது. ஆஸ்திரேலிய ஆய்வில் இருந்தவர்களோ மிக மூத்தவர்கள், முன்பு போதிய கால்சியமும் புரதமும் கிடைக்காதவர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் பாடம் எளிது: குறைவாகச் சாப்பிடுகிறவருக்குக் கூட்டினால் பலன் உண்டு; ஏற்கெனவே போதிய அளவு எடுப்பவர் மேலும் மேலும் குடிப்பதால் பலன் கூடுவதில்லை.

மூத்தோர் கவனிக்க இரண்டு செய்திகள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் பாலைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, சில நுண்ணுயிர்க்கொல்லிகள் ஆகியவற்றைப் பாலோடு சேர்த்து விழுங்கக் கூடாது. கால்சியம் அவற்றை உடலில் சேரவிடாது.

பாலே வேண்டாம் என்றால்?

முடியும். திட்டமிட வேண்டும், அவ்வளவுதான்.

- எலும்போடு சாப்பிடும் நெத்திலி, டின் சார்டின் ஆகியவற்றில் கால்சியம் நிறைய உண்டு. உப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
- கால்சியம் உப்பு சேர்த்து உறையவைத்த தௌகுவா நல்ல தேர்வு.
- கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது.
- கைலான், சாய் சிம் போன்ற கீரைகளின் கால்சியம் எளிதில் உடலில் சேரும். பாலக்கீரையில் கால்சியம் இருந்தாலும் அதிலுள்ள ஆக்சலேட் அதைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கால்சியத்தில் சுமார் 30 விழுக்காட்டை உடல் உள்வாங்கும். பாலக்கீரையில் 5 விழுக்காடுதான்.
- தாவரப் பால்களில் சோயாப் பால்தான் புரதத்தில் பசும்பாலுக்கு அருகில் வரும். பாதாம் பாலில் ஒரு கிளாஸுக்கு ஏறக்குறைய ஒரு கிராம்தான். எதுவாக இருந்தாலும் 'கால்சியம் சேர்க்கப்பட்டது' என்று இருக்கிறதா என்று பாருங்கள். சேர்த்த கால்சியம் அடியில் தங்கும், குலுக்கிவிட்டு ஊற்றுங்கள்.

சுருக்கமாக

- ஒரு வயதுக்குள்: தாய்ப்பால், அல்லது குழந்தைப் பால்மாவு. பசும்பாலும் கட்டிப்பாலும் வேண்டாம்.
- 1 முதல் 2: முழுக்கொழுப்புப் பால், அரை லிட்டருக்குள்.
- 10 முதல் 18: நாளுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம். பாலும் தயிரும் எளிய வழி.
- 19 முதல் 50: 800 மில்லிகிராம். குறைந்த கொழுப்பு வகை.
- 51க்கு மேல்: மீண்டும் 1,000. கூடவே புரதம், டி வைட்டமின், நடை.

இவ்வளவையும் படித்துவிட்டு உங்கள் கிளாஸில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், அவர்கள் தட்டில் நேற்று என்ன இருந்தது என்று கேளுங்கள். "எனக்கென்ன, ஒரு ரொட்டியும் தேயும் போதும்" என்று பதில் வந்தால், அடுத்த முறை தேக்காவுக்குப் போகும்போது ஒரு டப்பா தயிர் வாங்கி வாருங்கள்.